தோட்டத்து மக்கள் விரும்பி வாங்கிய பொருள்கள்

தேவைக்கு வாங்கும் பொருள் வேறு. விரும்பி வாங்கும் பொருள் வேறு. அரிசி தீர்ந்தால் கடைக்குப் போகிறோம். உப்புத் தீர்ந்தாலும் போகிறோம். அவ்வாறு வாங்குவதில் ஆராய்வதற்கு மிகுதியாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பொருளைப் பல நாள் மனத்தில் எண்ணி, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, நான்கு கடை ஏறி இறங்கி, தொட்டுப் பார்த்து, விலை பேசி வாங்கி, வீட்டுக்கு வந்தபின் அண்டை அயலாரை அழைத்துக் காட்டி மகிழ்கிறோமே, அங்கேதான் மனித மனம் வெளிப்படுகிறது. ஒரு கூட்டத்தார் எதை விரும்பி வாங்கினர் என்று ஆராய்ந்தால், அவர்கள் எதற்கு ஏங்கினர், எதற்கு அஞ்சினர் என்பது விளங்கும்.

மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் விரும்பி வாங்கியவை யாவை? பேராக் மாநிலத்தில் சுங்காய், பீடோர், சிலிம் ரிவர் வட்டாரங்களில் பால்மரக் காடுகளிடையே வாழ்ந்த முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் மூன்று பொருள்களைச் சொல்வர்: நகை, பாத்திரம், சேலை. வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம், மிதிவண்டி ஆகியவை பின்னர் வந்து சேர்ந்தன. ஆயினும் அம்மூன்றின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

இதனைக் கொண்டு, தோட்டத்து மக்கள் வீண்செலவுக்காரர் என்று மேடைகளில் பழித்துப் பேசுவோர் உண்டு. "கையில் காசு வந்தால் நகைக்கடை; கொஞ்சம் மிஞ்சினால் துணிக்கடை; பிறகு எப்படி முன்னேறுவது?" என்று கேட்பர். ஆசிரியர் சிலரும் வகுப்பறையில் இவ்வாறு பேசுவதுண்டு. அப்பேச்சைக் கேட்கும் சிறுவன் தன் பாட்டியை அறியாமையின் உருவமாக எண்ணிக்கொள்கிறான். இப்பழி பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடை என்னும் சொல்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். பழந்தமிழில் வாணிகம் நடக்கும் இடம் அங்காடி எனப்பட்டது. பகலில் கூடுவது நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைக்கிறது. புகார் நகரின் நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இன்று பேராக்கின் சிற்றூர்களில் மாலை வேளையில் கூடிக் கலையும் 'பாசார் மாலாம்' நம் அல்லங்காடியின் உறவே அன்றோ? பாசார் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். மாலாம் என்னும் மலாய்ச் சொல்லுக்கு இரவு என்று பொருள்.

கடை என்னும் சொல்லுக்கு முடிவு, இடம், வாயில் எனப் பல பொருள் உண்டு. புறக்கடை, தலைக்கடை என்னும் வழக்குகளில் வாயிற்பொருள் இன்றும் நிற்கிறது. வீட்டு வாயிலில் பொருளைப் பரப்பி விற்ற வழக்கத்தால் விற்குமிடமும் கடை எனப்பட்டது என்று கொள்வது பொருந்தும். அச்சொல் கடல் கடந்து மலாய்மொழியில் 'கெடாய்' ஆயிற்று. அதனோடு வேறு சொற்களும் சென்றன. வாணிகத்துக்கு இடும் முதல், அங்கே 'மோடல்' ஆயிற்று. சரக்கு வைக்கும் பெட்டி, 'பெத்தி' ஆயிற்று. சரக்கு ஏற்றிச் சென்ற கப்பலும் 'காப்பால்' என அம்மொழியில் வழங்குகிறது. கடை, முதல், பெட்டி, கப்பல் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், தமிழர் இந்நிலத்துக்கு முதலில் எவ்வாறு வந்தனர் என்பது தெளிவாகும். அவர்கள் விற்பவராக வந்தனர்.

இதற்கு வேறு சான்றும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் தங்கிய தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்து விற்ற வணிகரைப் பற்றி எழுதியுள்ளார். மலாய்க்காரர் இன்றும் விரும்பி உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலேக்காட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலேக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. கடைத்தெருவில் மலாய் நண்பர் ஒருவர் அக்கைலியைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது, தம்மை அறியாமலே ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரைச் சொல்கிறார்.

விற்பவராக வந்த மொழியினர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பெருந்தொகையினராகக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். கூலி என்னும் நம் சொல்லும் அவர்களோடு உலகெங்கும் பரவியது. கடை என்ற சொல்லை ஒரு நாட்டுக்குக் கொடுத்தவர்களின் வழிவந்தோர், அந்நாட்டுக் கடைகளின் முன் கடன் சொல்லி நிற்கும் காலம் வந்தது. அந்நிலையிலிருந்துதான் அவர்களின் விருப்பத்தை நாம் ஆராய வேண்டும்.

பற்றுக் கணக்கும் சம்பள நாளும்

தோட்டத்துத் தொழிலாளியின் வருவாய் மிகச் சிறிது. 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. மாதம் ஒரு முறை வரும் சம்பளம் வரையில் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையிலோ, அருகிலிருந்த சீனர் மளிகைக் கடையிலோ பற்றுக்கு வாங்கப்பட்டன.

பற்று எழுத ஒரு சிறு ஏடு இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் அந்த ஏட்டின் அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். '555 புத்தகம்' என்றால் மலேசியாவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் அனைவருக்கும் விளங்கும். நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாமி படத்துக்கு அருகே அந்தப் புத்தகமும் ஓர் ஆணியில் தொங்கியதைக் கண்டிருக்கிறேன்.

பற்றுக்கு வாங்குபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் விலை பேச முடியாது. "வேறு அரிசி காட்டுங்கள்" என்று வற்புறுத்த முடியாது. எடையைப் பற்றி ஐயம் எழுந்தாலும் வாய்திறக்கத் தயங்குவார். அக்காலத்தில் எடைக்குக் 'காத்தி' வழங்கியது. 16 தாயில் ஒரு காத்தி. அது ஏறத்தாழ 605 கிராம். 100 காத்தி ஒரு பிக்குல். இவ்வாய்பாடு தெரிந்தவர்க்கே தாசிங் தராசு காட்டும் கணக்கு விளங்கும். சங்க காலத்து வணிகர், கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடாமலும் நடந்தனர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. அந்த நேர்மையைக் கேட்டுப் பெறுவதற்கும் வாங்குபவர் கையில் காசு இருக்க வேண்டும்.

காசு கையில் இருந்த நாள், சம்பள நாள். அன்றும் அதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்டத்து மக்கள் பட்டணத்துக்குச் சென்றனர். எங்கள் பகுதியில் பட்டணம் என்றால் சுங்காய். அது பழைய பெருஞ்சாலையின் இருபுறமும் அமைந்த கடைவரிசையும் இரயில் நிலையமும் கொண்ட சிறு ஊர். ஆனால் லயத்திலிருந்து வருபவர் கண்ணுக்கு அது மதுரை மாநகரமாகவே தோன்றியது. ஒரு துணிக்கடையில் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். "இந்த விலைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்கலாம். கடைக்காரர் பின்னாலேயே அழைக்கலாம். மாதம் முழுவதும் பிறர் ஏவலுக்கு நடந்தவர், அந்த ஒரு நாளில் தாமே தேர்ந்தெடுப்பவராக இருந்தார். பொருளைவிட அவ்வுரிமையே அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்தது என்று நான் கருதுகிறேன். இதனை உணராதவர்க்கு, ஒரு சேலை வாங்க நாள் முழுதும் சுற்றுவது காலக்கழிவாகவே தோன்றும்.

தீபாவளிக்கு முன்போ, வீட்டில் திருமணம் முடிவானபோதோ ஈப்போவுக்குப் பயணம். சுங்காயிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்கே நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நிறைய உண்டு. திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் 'கச்சாங் பூத்தே' வாங்குவது வழக்கம். 'வெள்ளைக் கடலை' என்று பொருள்படும் மலாய்ப் பெயர் அது. வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு, காராபூந்தி முதலியவை அனைத்தும் அப்பெயரில் அடங்கும். ஈப்போவின் புந்தோங் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோர் அங்கே அதனைக் குடும்பத் தொழிலாக வளர்த்தனர். தாள் கூம்பில் மடித்துக் கொடுத்த அக்கடலையை எல்லா இனத்தாரும் விரும்பி வாங்கினர். விற்பவராக வந்த தமிழரின் மரபு முற்றும் மறைந்துவிடவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பெயர்த்துச் செல்லும் செல்வம்

இனி நகைக்கு வருவோம். தோட்டத்துத் தொழிலாளிக்குச் சொந்த வீடு இல்லை. லயம் தோட்டத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். வீட்டைச் சுற்றிக் கீரை பயிரிடலாம், வாழை வைக்கலாம், ஆடு மாடு வளர்க்கலாம். ஆனால் அந்த மண் அவருடையதன்று. 1930 முதல் 1932 வரை, ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரவர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் எதை எடுத்துச் சென்றிருக்க முடியும்? ஒரு தகரப் பெட்டியில் அடங்குவதையும், உடலில் அணிவதையுமே எடுத்துச் சென்றிருக்க முடியும்.

ஆகவே நிலத்தில் முதலிட முடியாதவர் பொன்னில் முதலிட்டனர். பொன் சிறிது, விலை பெரிது. எந்த ஊரிலும் செல்லும். கூரை ஒழுகினாலும் கெடாது. பெண்ணின் கழுத்திலும் காதிலும் இருக்கும்வரை அது அணிகலன். நோயோ வேலையிழப்போ வந்தால் அடகுக் கடையில் அது பணம். மகளுக்குத் திருமணம் என்றால் அது சீர். மூன்று வேலையை ஒரு பொருள் செய்கிறது.

நம் காப்பியமே இதற்கு எடுத்துக்காட்டு. கோவலன் செல்வமெல்லாம் தொலைத்தபின், புகாரை விட்டு இருவரும் இரவோடிரவாகப் புறப்படுகின்றனர். மாடமும் மனையும் அங்கேயே நின்றுவிட்டன. உடன் வந்தது கண்ணகியின் சிலம்பு. அச்சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து, இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம் என்பது கோவலன் எண்ணம். முதல் என்னும் சொல்லை இங்கே நினைவிற் கொள்க. ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக் கடைகளையும், பொற்கடை வீதியையும், அறுவை வீதியையும், கூல வீதியையும் சுற்றிப் பார்க்கிறான். வீடிழந்து வேற்றூர் வந்தவன் கையில் எஞ்சிய ஒரே செல்வம் ஓர் அணி. தோட்டத்துப் பெண்ணின் கழுத்துச் சங்கிலிக்கும் கண்ணகியின் சிலம்புக்கும் மதிப்பில் வேறுபாடு உண்டு. பயனில் வேறுபாடு இல்லை.

சப்பானியர் ஆட்சி இப்பாடத்தை மறக்க முடியாதபடி கற்பித்தது. 1942 முதல் 1945 வரை மலாயாவில் அவர்கள் வெளியிட்ட பணத்தாள்கள் வழங்கின. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் அதனை மக்கள் வாழைமரத்து நோட்டு என்றனர். ஆட்சி முடிந்ததும் அத்தாள்கள் மதிப்பிழந்தன. கட்டுக் கட்டாக வைத்திருந்தவர் கையில் வெறுந்தாள் மிஞ்சியது. ஒரு சோடித் தோட்டை மறைத்து வைத்திருந்தவளுக்கு அந்தத் தோடு தோடாகவே இருந்தது. இதை நேரில் கண்ட தலைமுறை, தாளைவிடப் பொன்னை நம்பியதை அறியாமை என்று எவ்வாறு சொல்வது?

மேலும், அப்பெண்கள் நகை வாங்குவதில் நுட்பமும் அறிந்திருந்தனர். பவுன், சவரன் என்னும் இரு சொற்களும் ஆங்கில நாணயத்தின் பெயரிலிருந்து வந்தவை. அந்நாணயம் 22 காரட் தூய்மையும் ஏறத்தாழ 8 கிராம் எடையும் உடையது. அதனாலேயே ஒரு பவுன் என்றால் 8 கிராம் எனக் கொள்கிறோம். கடையில் நகை வாங்கும்போது பொன்னின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுக்கிறோம். அடகு வைக்கும்போது செய்கூலி திரும்பாது. கல் பதித்த நகையானால் கல்லின் எடையையும் கழித்துவிடுவர். இதனை அறிந்த பாட்டியர், பூவேலைப்பாடு மிகுந்த அட்டியலைக் கையில் எடுத்துப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, வேலைப்பாடு குறைந்த வளையலையோ கெட்டிச் சங்கிலியையோ வாங்கினர். பள்ளிக்கூடம் செல்லாதவர்கள் செய்த கணக்கு இது.

இவ்வளவு பணம் சேர்ந்தது எப்படி? 'கூட்டு' கட்டிச் சேர்த்தனர். பத்துப் பெண்கள் மாதம் இருபது வெள்ளி போட்டால் இருநூறு வெள்ளி சேரும். ஒவ்வொரு மாதமும் ஒருத்தி முறைப்படி எடுத்துக்கொள்வாள். பத்து மாதத்தில் அனைவரும் எடுத்துவிடுவர். எழுத்தில்லை, சாட்சியில்லை, ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையே பிணை. பிற்காலத்தில் இதனைப் பெருந்தொழிலாக நடத்தி ஏமாற்றுவோரும் தோன்றினர். ஆதலால் கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971இல் வந்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் நம் சொல் இடம்பெற்றிருப்பது குறிக்கத்தக்கது.

பாத்திரமும் சேலையும்

பாத்திரமும் பொன்னைப் போன்றதே. ஒரு படி தாழ்ந்தது. பித்தளைக் குடம், தவலை, அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு ஆகியவை எடைக்கு எடை மதிப்புடையவை. உடைந்தாலும் பழைய பித்தளைக்கு விலை உண்டு. உட்புறம் ஈயம் பூசினால் புளிக்குழம்பும் வைக்கலாம். உலகப் புகழ்பெற்ற ஈயவயல் கிந்தா பள்ளத்தாக்கு. அதனால் எழுந்த நகரம் ஈப்போ. பேராக் என்னும் பெயருக்கே மலாயில் வெள்ளி என்று பொருள். ஈயத்தின் வெண்ணிறத்தால் அப்பெயர் வந்தது என்பர்.

பாத்திரத்தில் இன்னொரு சிறப்பு உண்டு. கடையிலேயே உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பர். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், சில வேளை நாளும் ஆண்டும் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய், அப்பெயரை விரலால் தடவிப் பார்த்து, "இது என் பெயர்" என்று பிள்ளைக்குக் காட்டியிருக்கிறாள். தோட்டத்து வீடுகள் பலவற்றில் தமிழெழுத்து முதலில் நுழைந்தது நூல் வடிவில் அன்று. குடத்தின் கழுத்தில் நுழைந்தது. தமிழாசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேர்ப்பதிவேட்டில் ஓர் எண்ணாக இருந்த பெண்ணுக்குத் தன் பெயர் பொறித்த சொத்து ஒன்று வேண்டியிருந்தது.

சேலையின் நிலை வேறு. சேலை அடகுக்குச் செல்லாது. ஆண்டுகள் செல்லக் கிழியும். அதை ஏன் அவ்வளவு விரும்பினர்? பால்வெட்டும் பெண்ணின் வேலையுடையைக் கண்டவர்க்கு விடை எளிதில் விளங்கும். விடியுமுன் எழுந்து, பழைய சட்டையும் கைலியும் அணிந்து, தலையில் துணி கட்டிக் காட்டுக்குச் செல்கிறாள். ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் எளிதில் போகாது. அந்தக் கறையும் நாற்றமும் ஆறு நாள் அவளோடு வாழ்கின்றன. ஏழாம் நாள் கோயிலுக்கோ பட்டணத்துக்கோ போகும்போது, கறை படாத ஒரு சேலையை உடுத்துகிறாள். அன்று அவளைத் தொழிலாளி என்று யாரும் அடையாளம் காண இயலாது. பொன் அவளுக்குப் பாதுகாப்பு. சேலை அவளுக்கு மதிப்பு. இரண்டுமே மனிதர்க்கு வேண்டியவை.

நிலத்தை வாங்கிய கதை

"நிலம் வாங்கத் தெரியாதவர் நகை வாங்கினர்" என்பாரும் உளர். அவர்களுக்கு விடையாக ஒரு வரலாறு உண்டு. விடுதலைக்கு முன்னும் பின்னுமாக, வெள்ளையர் தம் தோட்டங்கள் பலவற்றை விற்றனர். வாங்கியவர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மீண்டும் விற்றனர். இதனைத் துண்டாடல் என்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் பல குடும்பங்கள் வேலையும் உறைவிடமும் ஒருங்கே இழந்தன.

அந்நேரத்தில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும், நாட்டின் அமைச்சருமான வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். "உங்கள் தோட்டத்தை நீங்களே வாங்குங்கள்" என்பதே திட்டத்தின் கருத்து. 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது.

மாதம் பத்து வெள்ளி என்பது அன்றைய தொழிலாளிக்குச் சிறு தொகையன்று. எனினும் பல்லாயிரவர் கொடுத்தனர். அவர்கள் யார்? வீண்செலவுக்காரர் என்று பழிக்கப்பட்ட அதே மக்கள்தாம். கூட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்குக் கூட்டுறவுப் பங்கு புதியதாகத் தோன்றவில்லை. நிலம் வாங்கும் வாயில் அடைத்திருந்தவரை பொன் வாங்கினர். வாயில் சிறிது திறந்ததும் நிலத்துக்கும் பணம் கொடுத்தனர். எனவே குறை விருப்பத்தில் இல்லை; வாங்கக் கிடைத்தவற்றின் எல்லையில் இருந்தது.

இன்றைய கடைத்தெருவில் ஆசிரியர் கடமை

இன்று நிலை மாறிவிட்டது. பால்மரங்கள் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தோட்டங்களைவிட்டு மக்கள் பட்டணங்களில் குடியேறிவிட்டனர். நெடுஞ்சாலை வந்தபின் ஈப்போ அருகில் வந்துவிட்டது, பேரங்காடிகளும் வந்துவிட்டன. கைத்தொலைபேசியிலேயே கடை வந்துவிட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை என்றைக்கும் இல்லாத அளவில் பெருகியுள்ளது. ஆனால் அவ்வுரிமையோடு பழைய பற்றுக் கணக்கும் புது உருவில் திரும்பியிருக்கிறது. அதற்குத் தவணை என்று பெயர்.

மேல்வகுப்பு மாணவர்க்கு நான் ஒரு கணக்குக் கொடுப்பதுண்டு. ஒரு தொலைபேசியின் ரொக்க விலை 1,200 வெள்ளி. மாதம் 65 வெள்ளி வீதம் 24 மாதம் செலுத்தி வாங்கினால் மொத்தம் எவ்வளவு? 1,560 வெள்ளி. மிகுதி 360 வெள்ளி. "24 மாதம் கழித்து அத்தொலைபேசியின் விலை என்ன?" என்று அடுத்துக் கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு, "உங்கள் பாட்டி வாங்கிய வளையலின் விலை இன்று என்ன?" என்பேன். வீட்டுக்குப் போய்க் கேட்டு வருவர். மறுநாள் பாட்டியைப் பற்றி அவர்கள் பேசும் தொனியே மாறியிருக்கும்.

இக்கணக்கோடு மொழிப்பாடமும் சேர்தல் வேண்டும். தவலை, குண்டான், சருவம், தாம்பாளம் ஆகியவற்றை வேறுபடுத்திச் சொல்லும் மாணவர் அருகிவருகின்றனர். தோடு, சிமிக்கி, அட்டியல், வங்கி என்னும் அணிப்பெயர்களும், முந்தானை, கரை, கொசுவம் என்னும் சேலைச் சொற்களும் அவ்வாறே மறைகின்றன. செய்கூலி, சேதாரம், அடகு, முதல், வட்டி ஆகிய சொற்கள் தெரியாமல் கடைக்குள் நுழைபவர் ஏமாறுவதற்கும் இடமுண்டு. ஆகவே தீபாவளிக்கு முன்னைய வாரங்களில், மாணவர் தம் வீட்டு முதியோரிடம் "நீங்கள் முதன்முதல் சொந்தப் பணத்தில் விரும்பி வாங்கியது எது? எவ்வளவு நாள் சேர்த்தீர்கள்? பின்னர் அது எதற்கு உதவியது?" என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். சொல்லும் கிடைக்கும்; கணக்கும் கிடைக்கும்; எந்தப் பாடநூலிலும் இல்லாத தோட்டத்து வரலாறும் கிடைக்கும்.

தோட்டத்து மக்கள் விரும்பி வாங்கிய பொருள்களுக்குப் பின்னே மூன்று கேள்விகள் இருந்தன. வீட்டைவிட்டுப் போக நேர்ந்தால் இதனை உடன் கொண்டு செல்லலாமா? இடுக்கண் வந்தால் இது உதவுமா? பிள்ளைகளுக்கு இதனைக் கொடுக்கலாமா? இக்கேள்விகளை அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாழ்க்கை அவர்களைக் கேட்க வைத்தது. இன்று முதல் கேள்வி ஓரளவு மாறலாம். 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க வழியுண்டு. பெயர்த்துச் செல்ல வேண்டாத செல்வத்தையும் தேடும் காலம் இது. ஆயினும் மற்ற இரு கேள்விகளும் என்றும் உரியவை. விருப்பத்தோடு கடைக்குச் செல்வதில் தவறில்லை. பாட்டியைப் பழிப்பதை விட்டு, அவள் கேட்ட கேள்விகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.